15 பேர் பட்டறைக்கு மெக்கானிக்கல் இன்ஜினியர்: இரண்டு பேர் போய்விட்டார்கள், மூன்றாமவரை எப்படித் தேடுவது?

குறிச்சிக்காரன் (திங்கள், இரவு 9.40)

வணக்கம். கோவை குறிச்சி சிட்கோவில் பட்டறை நடத்துகிறேன். அப்பா இரண்டு லேத்துடன் தொடங்கியது. இப்போது கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி. டர்னிங் மெஷின் நான்கு, வி.எம்.சி. (சி.என்.சி. மில்லிங் மெஷின்) ஒன்று, அப்பாவின் லேத் ஒன்று (ஓடுகிறது, விற்க மனம் வரவில்லை). அலுவலகத்தில் இருக்கும் அம்மாவையும் சேர்த்து 15 பேர். பம்ப் உதிரிகள்தான் பழைய தொழில். ஐந்து வருடங்களாக வால்வு கம்பெனிகளுக்குத் துருப்பிடிக்காத எஃகில் சீட் (வால்வு மூடும்போது அடைப்பு வந்து அமரும் வளையம்), கூடு போன்ற பாகங்கள் செய்து கொடுக்கிறோம்.

நான் பி.காம். படித்தவன். டிராயிங்கைப் படிக்கத் தெரியும். டிராயிங்கில் இல்லாததைப் படிக்கத் தெரியாது. அதற்காகத்தான் இன்ஜினியர் வேண்டும் என்று மூன்று வருடங்களில் இரண்டு பேரை எடுத்தேன். முதலாமவர் ஏழு மாதம் இருந்தார். இரண்டாமவர் நான்காவது மாதம் சம்பளம் வாங்கிய மறுநாள் போனை அணைத்துவிட்டார்.

இப்போது மறுபடியும் விளம்பரம் போட்டேன். மூன்று நாளில் 140 விண்ணப்பங்கள். எல்லாவற்றிலும் ஒரே வரிகள்: கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவர், சாலிட்வொர்க்ஸ் (டிராயிங் போடும் மென்பொருள்) தெரியும். புதிதாகப் படித்து வந்தவரை எடுப்பதா, அனுபவசாலியையா? நான் 18,000 தருகிறேன், அது குறைவா? பாண்ட் எழுதி வாங்கலாமா? நேர்முகத்தில் எதைக் கேட்பது?

கரிமணல் (திங்கள், இரவு 10.15)

தம்பி, கணபதியில் 31 வருடங்களாக வார்ப்படம் ஊற்றுகிறவன் நான். உங்கள் நான்கு கேள்விகளுக்கும் முன்னால் ஐந்தாவது ஒன்று இருக்கிறது. அந்தப் பையன் காலை எட்டரைக்கு உள்ளே வந்து, சோற்றுப் பையை வைத்துவிட்டு, முதலில் எதைக் கையில் எடுப்பான்?

இதற்குப் பதில் தெரியாமல் நானும் ஒருவனை எடுத்தேன். நல்ல கல்லூரி, முதல் வகுப்பு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அவன் டெலிவரி சலான் எழுதிக்கொண்டிருந்தான். ஒரு நாள் பேங்குக்கு அனுப்பினேன், இன்னொரு நாள் என் மருமகனை விமான நிலையத்தில் இறக்கிவிட அனுப்பினேன். அவன் போனபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தால் வெட்கம்தான் வருகிறது.

குறிச்சிக்காரன் (திங்கள், இரவு 10.50)

ஐயா, என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். டிராயிங் சரிபார்ப்பது, விலைப்புள்ளி போடுவது, புரோகிராம் திருத்துவது, தரக் கட்டுப்பாடு, வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல், வார்ப்படக்காரர்களைத் துரத்துவது, மெஷின் பராமரிப்பு, ஐ.எஸ்.ஓ. ஆவணங்கள். சின்னக் கம்பெனியில் எல்லாம்தானே பார்க்க வேண்டும்?

கரிமணல் (திங்கள், இரவு 10.58)

இது ஆள் தேவை இல்லை, பங்காளி தேவை. 18,000 ரூபாய்க்குப் பங்காளி கிடைக்கமாட்டான்.

ஆள்தேடி (செவ்வாய், காலை 7.30)

பதினொரு வருடங்களாகக் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கம்பெனிகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறேன். ஐயா கேட்ட கேள்வியை நான் வாடிக்கையாளர்களிடம் கேட்டால் பாதிப் பேர் எரிச்சலடைவார்கள்.

உங்கள் விளம்பரத்தை ஊகித்தே எழுதிவிடுவேன்: "பி.இ. மெக்கானிக்கல், 0 முதல் 5 வருட அனுபவம், சம்பளம் தகுதிக்கேற்ப." சரிதானா? இதற்கு 140 என்ன, 400 விண்ணப்பம்கூட வரும். யாருக்கும் இது தனக்கான வேலை என்று தோன்றாது, தனக்கு இல்லை என்றும் தோன்றாது.

மாற்றி எழுதிப் பாருங்கள். "எங்களிடம் ஐந்து சி.என்.சி. இயந்திரங்கள் இருக்கின்றன. துருப்பிடிக்காத எஃகு வால்வு சீட் கடைகிறோம். துளை அளவு 50 மி.மீ. எச்7. திருப்பி அனுப்பப்படும் பாகங்களைக் குறைப்பதுதான் முதல் வருட வேலை. சம்பளம் இவ்வளவு. ஞாயிறு விடுமுறை." எச்7 (துளை அளவு எவ்வளவு கூடலாம் என்று சொல்லும் டாலரன்ஸ் குறியீடு) என்றால் என்னவென்று தெரியாதவர்களில் பெரும்பாலோர் தாமாகவே விலகிவிடுவார்கள். சம்பளத்தை மறைக்காதீர்கள், மறைத்தால் உங்கள் நேரமும் போகும், பஸ் ஏறி வருகிறவரின் நேரமும் போகும்.

ஒரு பக்கக் குறிப்பு: மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவார். பத்துப் பேருக்கு மேல் இருக்கும் உங்கள் இடத்தில் அது பொருந்தும். கையில் என்ன கிடைக்கும் என்று பிடித்தம் போகச் சொல்லுங்கள். சேர்ந்த பிறகு முதல் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

தடாகம்ரோடு (செவ்வாய், காலை 9.05)

இவ்வளவு யோசிக்க ஒன்றும் இல்லை. இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பொறுமை கிடையாது. மூன்று வருடத்துக்கு பாண்ட், இரண்டு லட்சம் அபராதம், அசல் சான்றிதழ்களை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். என் இடத்தில் ஒருவனும் அசையமாட்டான்.

நான்காவது ஷிப்ட் (செவ்வாய், காலை 11.20)

அசையமாட்டான். வேலையும் செய்யமாட்டான்.

நான் அந்தக் காலத்துப் பையனும் இல்லை, இந்தக் காலத்துப் பையனும் இல்லை, 29 வயது. மெக்கானிக்கல் படித்து, இதே கோவையில் ஒரு பட்டறையில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு, இப்போது சென்னையில் மென்பொருள் சோதிக்கிறேன். சம்பளத்துக்காகப் போனேன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், என் அப்பா உட்பட. சம்பளமும் ஒரு காரணம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் நான் எடுத்த ஒரு முடிவுகூட மாலை வரை நிற்கவில்லை. காலையில் நான் ஒன்று சொல்வேன். ஃபோர்மேன் முதலாளியின் அறைக்குள் போய் வருவார். மதியம் அது மாறியிருக்கும். மூன்று மாதத்தில் ஆபரேட்டர்கள் என்னிடம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். கேட்டு என்ன பயன்?

குறிச்சிக்காரன் அண்ணா, ஒன்று கேட்கலாமா? உங்களை விட்டுப் போன முதல் ஆள், போகும்போது என்ன சொன்னார்?

ஓசூர்வாசி (செவ்வாய், மதியம் 1.10)

புதியவரா, அனுபவசாலியா என்ற கேள்விக்கு மட்டும் என் பதில். வாகன உதிரி பாகத் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவைப் பார்க்கிறேன். பெரிய கம்பெனியில் ஐந்து வருடம் இருந்தவரை 15 பேர் பட்டறைக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் திணறுவார். அங்கே அளவு பார்க்கத் தனித் துறை, கருவிகளுக்குத் தனித் துறை, மெஷின் நின்றால் கூப்பிட ஒரு எண். உங்களிடம் அந்த எண்ணே அவர்தான்.

என் அனுபவத்தில் உங்களைப் போன்ற இடத்துக்குப் பொருந்துகிறவர்கள் பாலிடெக்னிக் முடித்து, ஓரிரு வருடம் ஷாப் ஃப்ளோரில் நின்று, பிறகு நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்ந்து முடித்தவர்கள். கையில் எண்ணெய் பட்டிருக்கும், கணக்கும் தெரியும். விண்ணப்பத்தில் கல்லூரிப் பெயரைப் பார்ப்பதற்கு முன் இந்த வரிசையைத் தேடுங்கள்.

புதியவரைத்தான் எடுப்பது என்றால் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தைப் பாருங்கள். 30 பேருக்குக் குறைவான இடங்களுக்குக் கட்டாயம் இல்லை, நான்கு பேர் இருந்தாலே விருப்பப்பட்டுச் சேரலாம். 2019இல் திருத்திய விதிப்படி பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 9,000 ரூபாய். அந்தக் குறைந்தபட்சத்தில் பாதியை மத்திய அரசு தரும். தென்மண்டல வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. இப்போதைய தொகையை அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வருடம் அவர் உங்களைப் பார்ப்பார், நீங்கள் அவரைப் பார்ப்பீர்கள். ஆனால் குறைந்தபட்சத்தை மட்டும் கொடுத்து முழு இன்ஜினியர் வேலையை வாங்க நினைக்காதீர்கள். அதையும் பார்த்திருக்கிறேன்.

பிரிவு27 (செவ்வாய், மாலை 6.45)

தடாகம்ரோடு நண்பருக்கு. தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பீரோவைத் திறந்து சான்றிதழ்களைக் கொடுத்துவிடுங்கள். கல்விச் சான்றிதழ் ஈடாகப் பிடித்து வைத்துக்கொள்ளும் பண்டம் அல்ல என்று, கல்லூரிகள் தொடர்பான வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு புகார் போனால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

பாண்ட் செல்லவே செல்லாது என்று சொல்லமாட்டேன். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தொகையை நண்பர் அங்கிருந்துதான் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே நீதிமன்றம் பார்த்தது, பொதுத்துறை வங்கி ஒன்று அகில இந்திய அளவில் ஆள் எடுக்க ஆகும் செலவையும் காலத்தையும். நீங்கள் ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீட்டுக்கு மேல் வாங்க முடியாது. ஆறு வாரம் வெளியூரில் பயிற்சிக்கு அனுப்பி ரசீது வைத்திருக்கிறீர்களா? பேசலாம். டீ வாங்கிக் கொடுத்ததற்கெல்லாம் இரண்டு லட்சம் கிடைக்காது. விலகிய பின் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற வரி 27ஆம் பிரிவிலேயே அடிபட்டுப் போகும்.

தடாகம்ரோடு (செவ்வாய், மாலை 7.02)

சட்டம் பேசினால் தொழில் நடத்த முடியாது.

குறிச்சிக்காரன் (புதன், இரவு 11.30)

நேற்று நான்காவது ஷிப்ட் தம்பி கேட்டதற்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், அழித்துவிட்டேன். இன்று எழுதுகிறேன்.

முதல் ஆள் போகும்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை அதற்கு இரண்டு மாதம் முன்பே சொல்லியிருந்தார்.

அது 304 எஃகு சீட், 50 மி.மீ. துளை, எச்7. அதாவது 50.000 முதல் 50.025 வரை. மெஷினிலிருந்து இறக்கிய சூட்டோடு எங்கள் ஆட்கள் போர் கேஜ் (துளையை அளக்கும் கருவி) வைத்துப் பார்ப்பார்கள். சரியாக இருக்கும். இந்தப் பையன் ஒரு மதியம் வந்து, "சார், சூடாக அளக்கிறோம். ஆறினால் சுருங்கும். இந்த எஃகு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 17 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 17 பங்கு) விரியும். 15 டிகிரி சூடு என்று வைத்தால் 50 மி.மீ. துளையில் கிட்டத்தட்ட 13 மைக்ரான். நம் டாலரன்ஸே 25தான்" என்றார். மெஷினில் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) சரியாகப் பாயவில்லை என்றும் சொன்னார். காய்களை, அதாவது கடைந்த பாகங்களை, ஆறவைத்து அளக்க வேண்டும், அதற்கு ஒரு மேசையும் அரை மணி நேர இடைவெளியும் வேண்டும் என்றார்.

நான் ஃபோர்மேனைக் கூப்பிட்டேன். 22 வருடம் எங்களோடு இருப்பவர், என் அப்பா தொழில் கற்றுக்கொடுத்தவர். "இத்தனை நாளாக இப்படித்தான் அளக்கிறோம், யாரும் கேட்கவில்லை" என்றார். அப்போது டெலிவரி நெருக்கடி வேறு. அந்தப் பையன் முன்னாலேயே, "அண்ணன் சொல்வது போலவே செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

பையன் போய் ஒரு மாதம் கழித்து, புனேயிலிருந்து 400 காய்களில் 180 திரும்பி வந்தன. கோ கேஜ் (துளை குறைந்தபட்ச அளவாவது இருக்கிறதா என்று நுழைத்துப் பார்க்கும் கருவி) உள்ளே நுழையவில்லை. துளை சிறியது என்பதால் மறுபடி கடைந்து கொடுக்க முடிந்தது. இருவழி லாரி வாடகையும், மூன்று வாரமும், அடுத்த ஆர்டரும் போயின. அவருக்கு போன் செய்யலாம் என்று பலமுறை நினைத்தேன். செய்யவில்லை.

பழைய டர்னர் (வியாழன், காலை 6.10)

ஐ.டி.ஐ. முடித்து 34 வருடம் மெஷினில் நின்றவன். ஃபோர்மேன் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

ஆபரேட்டர் துளையை எப்போதும் கீழ் எல்லை ஓரமாகவே நிறுத்துவான். ஏன் தெரியுமா? சிறிதாக இருந்தால் மறுபடி கடையலாம். பெரிதாகிவிட்டால் காய் குப்பைக்குப் போகும், திட்டு அவனுக்கு வரும். அது சோம்பேறித்தனம் இல்லை, அனுபவம். அந்த வழக்கமும் சூடும் சேர்ந்ததால்தான் உங்கள் 180 காய்கள் எல்லைக்குக் கீழே போயின. பையன் கணக்கு சரி. ஆனால் "இந்தப் பழக்கம் ஏன் வந்தது அண்ணா" என்று முதலில் ஃபோர்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரே மேசை போட்டிருப்பார். நேராக முதலாளியின் அறைக்குப் போனது பையன் செய்த பிழை. அதைத் திருத்தாமல், ஃபோர்மேன் முன்னால் அவனைச் சின்னவனாக்கியது நீங்கள் செய்த பிழை.

இனி நேர்முகத்தில் என்ன கேட்பது என்று கேட்டீர்கள். நாங்கள் வாயால் அதிகம் கேட்பதில்லை. மேசையில் 25 மி.மீ. ஷாஃப்ட் (தண்டு) ஒன்று, ஜி6 (தண்டுக்கான டாலரன்ஸ் குறியீடு) என்று எழுதிய டிராயிங், 0–25 மி.மீ. அளக்கும் மைக்ரோமீட்டர் கருவி ஒன்று. மைக்ரோமீட்டரின் பூஜ்யத்தை வேண்டுமென்றே 0.02 மி.மீ. தள்ளி வைத்திருப்போம். "அளந்து சரியா தவறா சொல்லுங்கள்" என்று விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம்.

முதலில் அதை மூடி, பூஜ்யம் பார்க்கிறவர் பாதி தேறிவிட்டார். பார்க்காமல் அளக்கிறவர் எந்தக் கல்லூரியாக இருந்தாலும் சரி, நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். ஒரே ஒருவர் மட்டும் இன்னொன்று சொன்னார்: "25 ஜி6 என்றால் 24.980 முதல் 24.993. மொத்தமே 13 மைக்ரான். நூறில் ஒரு மில்லிமீட்டர் பார்க்கும் இந்தக் கருவியால் இதைத் தீர்மானிக்கக் கூடாது. ஸ்னாப் கேஜ் (தண்டு எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் கவ்வி) இருக்கிறதா?" அவர் இப்போது எங்கள் பட்டறையில் எனக்கு மேல் இருக்கிறார். எனக்குச் சந்தோஷம்தான்.

கரிமணல் (வியாழன், காலை 8.20)

டர்னர் ஐயா சொன்னதோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "200 காய் ஓடிவிட்டது, கடைசிக் காயில் அளவு தவறு. முதலில் என்ன செய்வாய்?" யார் செய்தது என்று விசாரிப்பேன் என்றால் வேண்டாம். மெஷினை நிறுத்திவிட்டு, கடைசியாகச் சரியாக இருந்த காய் எது என்று பின்னோக்கி அளப்பேன் என்றால் உட்காரவைத்துக் காப்பி கொடுங்கள்.

ஆள்தேடி (வியாழன், காலை 9.40)

நேர்முகத்தன்று ஃபோர்மேனையும் கூட உட்காரவையுங்கள். அவர் தேர்ந்தெடுத்த ஆளை அவரே கவிழ்ப்பது கடினம்.

தடாகம்ரோடு (வியாழன், காலை 10.15)

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பெண் விண்ணப்பங்களை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பட்டறைக்குச் சரிவராது, கல்யாணம் ஆனால் போய்விடுவார்கள்.

நான்காவது ஷிப்ட் (வியாழன், காலை 10.21)

உங்கள் கணக்குப்படி ஆண்களும்தானே போய்விடுகிறார்கள்? அதற்குத்தானே பீரோ.

குறிச்சிக்காரன் (ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.00)

தகவல் சொல்வதாக இருந்தேன், தாமதமாகிவிட்டது.

விளம்பரத்தை ஆள்தேடி மேடம் சொன்னபடி மாற்றினேன். 140க்குப் பதில் 23 விண்ணப்பங்கள். ஒன்பது பேரை அழைத்தோம், ஏழு பேர் வந்தார்கள். மைக்ரோமீட்டரை மூடிப் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஃபோர்மேன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார், டீ குடிக்கப் போகவில்லை.

இரண்டு பேரில் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண் ஒருவரை எடுத்தோம். டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் பம்ப் பட்டறையில் தரம் பார்த்துவிட்டு பி.இ. முடித்தவர். நாங்கள் கொடுத்த மாதிரி டிராயிங்கைத் திருப்பித் தந்து, "இதில் முதல் கோணமா மூன்றாம் கோணமா என்று குறியீடே இல்லையே சார், அமெரிக்க வாடிக்கையாளருடையதா?" என்று கேட்டார். (பக்கத் தோற்றங்களை வரையும் இரண்டு முறைகள் அவை, மாற்றிப் படித்தால் பக்கமே மாறிவிடும்.) எட்டு மாதமாக அந்த டிராயிங்கை வைத்து வேலை செய்கிறோம். காய் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்பதால் தப்பித்தோம்.

சம்பளம் 24,000. வேலை ஒன்றுதான் எழுதிக் கொடுத்தேன்: திரும்பி வரும் காய்களைக் குறைப்பது. அதிகாரம் ஒன்று: அளவு சந்தேகம் என்றால் எந்த மெஷினையும் நிறுத்தலாம், நான் உட்பட யாரும் அவர் சொல்லாமல் ஓட்டக் கூடாது. இதை ஆயுத பூஜைக்குக் கூடுவது போல எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னேன்.

மூன்றாவது வாரமே சோதனை வந்தது. வெள்ளிக்கிழமை, மறுநாள் லாரி. மதியம் இரண்டரைக்கு மூன்றாம் மெஷினை நிறுத்திவிட்டார். ஃபோர்மேன் என் அறைக்கு வந்து நின்றார். என் கை தானாக எழுந்தது, "ஓட்டுங்கள்" என்று சொல்லத்தான். சொல்லவில்லை. "அவர்களிடமே கேளுங்கள் அண்ணா" என்றேன். மாலை ஆறரை வரை மெஷின் நின்றது. கடைசியில் பார்த்தால் காய்களில் குறையே இல்லை. போர் கேஜின் முனை தேய்ந்திருந்தது. நான்கு மணி நேரம் வீண், லாரி திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. அந்தப் பெண் வந்து மன்னிப்புக் கேட்டார். தேய்ந்த கேஜைக் கண்டுபிடித்ததற்கு ஏன் மன்னிப்பு என்று ஃபோர்மேன்தான் சொன்னார், நான் இல்லை.

முதல் ஆளுக்கும் போன் செய்தேன். ஓசூரில் இருக்கிறார். 180 காய் கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்போது மேசை போட்டுவிட்டீர்களா சார்?" என்று கேட்டார்.

பழைய டர்னர் (ஞாயிறு, மாலை 5.40)

போட்டுவிட்டீர்களா? ஆறவைக்க எவ்வளவு நேரம் விடுகிறீர்கள்? நாங்கள் அரை மணி நேரம் விடுகிறோம், டெலிவரி நாளில் அதுவே பெரிய தொல்லை.

குறிச்சிக்காரன் (ஞாயிறு, மாலை 6.05)

போட்டாயிற்று ஐயா. முதலில் நாங்களும் அரை மணி நேரம் விட்டோம். பிறகு ஃபோர்மேன் ஒரு யோசனை சொன்னார். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் மெஷினில் ஓடாத கூலன்ட்டை நிரப்பி, மாஸ்டர் ரிங் (போர் கேஜுக்கு அளவு வைக்கும் வளையம்) இருக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே இரவு முழுவதும் வைக்கிறோம், இரண்டும் ஒரே சூட்டில் இருக்கட்டும் என்று. காயை அதில் ஐந்து நிமிடம் போட்டுத் துடைத்து, மேசையில் பத்து நிமிடம். அந்தப் பெண் இரண்டு முறையிலும் 20 காய்களை அளந்து எழுதி வைத்திருக்கிறார், வித்தியாசம் இரண்டு மைக்ரானுக்குள் இருக்கிறது. தொட்டிக்கு மூடி மட்டும் வாங்க வேண்டும், கடைசல் சுருள் விழுகிறது.